பதினொரு கிலோமீட்டர்

தம்மாம் யார்டில் ஆகஸ்டில் கார் கதவைத் திறந்தால்
முகத்தில் அறைவது காற்று இல்லை.
எழுபது டிகிரியில் வெந்த டாஷ்போர்டின் மூச்சு.
சீட்டுக்குள் நுரை, கார்ப்பெட்டுக்கு அடியில் பசை,
தோல் என்று விலைப்பட்டியல் சொல்லும் வினைல்,
அதை முறியாமல் வளைய வைக்கிற ஏதோ ஒரு எண்ணெய்,
ஒன்றும் இன்னும் காய்ந்து முடியவில்லை.
காயாததற்குத்தான் புதுசு என்று பெயர்.

என் வேலை பாலித்தீன் உரிப்பது.
ஷிஃப்டுக்கு நாற்பது வண்டி.
கடைசியாக முன்கண்ணாடியின் உள்பக்கம்.
யாரும் மூச்சு விட்டிராத வண்டியில்
அங்கே ஒரு மங்கல் படிந்திருக்கும்.
துணியால் ஒற்றினால் பிசுபிசுக்கும்.
வாசனைதான் வழி தெரியாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது
என்பான் குல் ஜமான்.
ஒன்பது வருடமாகத் துடைக்கிறேன்.
எனக்கு அது மணப்பதில்லை.
விடுப்பில் போனபோது என் பெட்டியைத் திறந்ததும்
மகள் இரண்டடி பின்னால் போய்
"அப்பா மேல கார் வாசம்" என்றாள்.
பாராட்டா என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹஸாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார்.
வெள்ளை செடான். ஏதோ காகிதம் வராமல்
ஆறாவது வரிசையில் எட்டு மாதம் நின்றது,
கண்ணாடி ஒரு விரல் இறக்கியபடி.
உட்கார்ந்தார். இழுத்து முகர்ந்தார். இறங்கிவிட்டார்.
"இது பழசு."

மீட்டரைக் காட்டினார் மேனேஜர் ஷாஜன்.
பதினொன்று.
கப்பலிலிருந்து இறங்கிய தூரம், வரிசை மாறிய தூரம்,
கழுவப் போய்த் திரும்பிய தூரம்.
"மீட்டரை மாற்றுவார்கள்" என்றார் ஆசிரியர்,
"மூக்கை யார் மாற்றுவது?"

நீ பார்த்துச் சொல் என்று என்னை அனுப்பினார் ஷாஜன்.
தலையை உள்ளே விட்டேன். ஒன்றுமில்லை.
எனக்கு எந்த வண்டியிலும் ஒன்றுமில்லை.
வந்து நான்கு நாளான பூஜனைக் கூப்பிட்டேன்,
இன்னும் யூனிஃபார்ம் தரவில்லை அவனுக்கு.
கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தான்.
"சோப்பு" என்றான்.
அது என் துணி.

எப்படிச் சொல்ல அவருக்கு?
வாசனை வண்டியில் இருப்பதில்லை சார்,
வண்டியை விட்டுப் போவதுதான் வாசனை.
உங்களிடம் வந்து போயிருக்க வேண்டியது
ஒரு விரல் இடுக்கில் இங்கேயே போய்விட்டது.
இந்த மண்ணுக்கு அடியில் கிடந்த எண்ணெயாகக்கூட இருக்கலாம்,
எங்கோ போய் சீட்டாகிக் கப்பலேறித் திரும்பி
ஊர் வந்ததும் இறங்கிக்கொண்டது.

இத்தனைக்கும் என் அரபியில் இரண்டே சொல் இருந்தது.
"ரீஹா ரூஹ்."
வாசனை போச்சு என்றுதான் சொன்னேன்.
அவர் சிரித்துவிட்டார்.
ரூஹ் என்றால் உயிர் அப்பா,
உயிர் போன வண்டியையா என் தலையில் கட்டுகிறாய்?
எங்கள் பேச்சிலும் ஆவி என்றால் இரண்டும்தான்,
அதைச் சொல்ல மூன்றாவது சொல் இல்லை என்னிடம்.

பத்து நிமிடம், ஒரு டீ, என்றார் ஷாஜன்.
ஸ்டோர் ரூம் அலமாரியில் ஒரு டப்பா உண்டு,
மூடியில் கார் படம். சீட்டுக்கு அடியில் இரண்டு அழுத்து,
ஏசி வாயில் ஒன்று.
பூஜன் தும்மினான்.
ஆசிரியர் மறுபடி உட்கார்ந்தார். ம்ம், என்றார்.
என்னை ஒரு தடவை பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.
நான்கு கண்ணாடியையும் கடைசிவரை ஏற்றிக்கொண்டு
கேட்டைத் தாண்டினார்,
பன்னிரண்டாவது கிலோமீட்டருக்கு.

"எத்தனை நாளில் உங்களுக்கு மணக்காமல் போனது?"
பூஜன் கேட்டான்.
கணக்கு வைக்கவில்லை என்றேன்.
ஏழாவது வரிசையில் நாற்பது நின்றது.
துணியை அவனிடம் கொடுத்தேன்.
அவன் முதலில் அதை முகர்ந்து பார்த்தான்.